ஐயா செப்பும் அம்மா செப்பும்

"இது எந்தச் செப்பு?"

"மூடியில குமிழ் இருக்கறது ஐயா செப்பு. தட்டை மூடி அம்மா செப்பு."

"மாறிடாதே?"

"பக்கத்துல நின்னு யாராவது கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா மாறும்."

கேட்டவர் பேராயர். கோயிலில் பீடத்தையும் அப்பத்தையும் பார்த்துக்கொள்கிற பீடத்தம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி மருந்து அறையில் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள். பெரிய டாக்டருக்கே "எழுத்துப் புரியலை, திரும்ப எழுதுங்க" என்று சீட்டைத் திருப்பி அனுப்பினவள். பேராயர் சிரித்துக்கொண்டே அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த ஆங்கிலிக்கன் சபைக்கு அப்போதுதான் முதல்முறையாக ஒரு பெண் குருவாக வந்திருந்தார். குருவம்மா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். சபையில் முக்கால்வாசிப் பேருக்குச் சந்தோஷம். முப்பது பேருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஆள் நல்லவங்கதான். ஆனா பெண் குருவாகறது ஆதித் திருச்சபை அறியாத விஷயம். அவங்க ஜெபிச்சுப் பிரதிஷ்டை பண்ணின நற்கருணை அப்பத்தை எங்களால வாங்க முடியாது" என்றார்கள். அந்த முப்பது பேர் சார்பில் முன்னால் நின்று சொன்னவர் பீடத்தம்மாவின் சொந்த அண்ணன்.

பேராயர் வந்து ஒரு வழி செய்து கொடுத்தார். கூரை ஒன்று, ஆராதனை இரண்டு. ஞாயிறு காலை முப்பது பேருக்கு ஏழு மணி, மற்றவர்களுக்கு எட்டரை. ஓய்வு பெற்ற பழைய குருவான பெரிய ஐயா மாதத்துக்கு ஒரு தடவை ஏழு மணிக்கு வந்து, மற்ற ஞாயிறுகளுக்கும் சேர்த்து அப்பத்தைப் பிரதிஷ்டை செய்து வைத்துவிட்டுப் போவார். அவர் வராத ஞாயிறுகளில் அண்ணன், பேராயரின் அனுமதிக் கடிதத்தோடு, அதை எடுத்துக் கொடுப்பார். குருவம்மா எட்டரைக்குப் பிரதிஷ்டை செய்ததில் மீந்தது நோயாளிகளுக்காக இன்னொரு செப்பில் இருக்கும். இரண்டு வெள்ளிச் செப்புகளும் அங்கி அறையில் சுவரில் பதித்த சின்ன அலமாரிக்குள், பக்கத்தில் பக்கத்தில், முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பதோ ஒரே பொட்டலத்திலிருந்து வந்த அப்பம். காகிதம் போல மெல்லிசு, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசு, எல்லாவற்றிலும் ஒரே சிலுவை அச்சு. எது யார் கைபட்டது என்று செப்புதான் சொல்ல வேண்டும்.

பீடத்தம்மா ஏழு மணிக்கு அண்ணனுக்குக் கதவைத் திறந்துவிடுவாள். எட்டரைக்குத் தான் போய்க் குருவம்மா முன்னால் மண்டியிடுவாள். "அண்ணன் ஒரு கட்சி, தங்கச்சி ஒரு கட்சியா?" என்று யாராவது கேட்டால், "எனக்கு ஏழு மணிக்கு வேலை இருக்கு" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் செப்பைத் திருப்பிக் கொண்டுவர நேரமாகிவிட்டது. முப்பது பேரில் ஒருவரான வக்கீல் அவரை வாசலில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். எட்டரை ஆராதனையும் முடிந்து, குருவம்மா வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பீடத்தம்மா அங்கி அறையில் மீந்த அப்பத் தட்டோடு நின்றாள். ஏழு அப்பம் மீந்திருந்தது. மேசைமேல் அம்மா செப்பு மூடியோடு இருந்தது. அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தார். ஐயா செப்பை அதன் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார். "பாப்பா, இன்னும் அஞ்சு வாரத்துக்குக் காணுமா பாரு. பெரிய ஐயாவுக்குக் கண் ஆபரேஷன். அந்த அஞ்சு வாரமும் வரமாட்டார்."

"நூத்தம்பது இருக்கும். சரியாக் காணும்."

"எண்ணாமலே சொல்றியே!"

"மாத்திரை எண்ணின கண்ணு."

"அதைத்தான் வக்கீல்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொல்றார் தெரியுமா? நாம தனியாப் போயிடணுமாம். வாடகைக்கு ஒரு கூடம் பாத்து வச்சிருக்காராம். 'ஒரே அலமாரியில ரெண்டு செப்பு, என்னைக்காவது மாறத்தான் போகுது'ங்கறார். நான் சொன்னேன், சாவி யார்கிட்ட இருக்கு தெரியுமா, என் தங்கச்சிகிட்ட இருக்கு. சூரியன் வேணா மேற்க உதிக்கும், இவ கையில ஒண்ணு இடம் மாறாதுன்னேன்."

"போதும் போதும், தலையில ஐஸ் வைக்காதே. ஜலதோஷம் பிடிக்கும்" என்று பீடத்தம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைச் சாய்த்தாள். ஏழு அப்பமும் சத்தமில்லாமல் சரிந்து விழுந்தன, திறந்திருந்த செப்பில்.

திறந்திருந்தது ஐயா செப்பு.

அண்ணன் பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் குனிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "இங்கதான் இருக்கு கழுதை" என்று குடையை எடுத்துக்கொண்டார். தன் கையாலேயே குமிழ் மூடியை எடுத்து ஐயா செப்பின்மேல் வைத்து அழுத்தினார். "வரட்டுமா பாப்பா?"

ஒரு வார்த்தை போதும். 'அண்ணே, நில்லு' என்றால் முடிந்தது. பீடத்தம்மா வாயைத் திறந்தாள். "மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்துப் போ" என்றாள்.

அப்புறம் செப்பைத் திறந்து பார்த்தாள். மாத்திரை எண்ணின கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. நூற்றைம்பதில் ஏழு. எது என்று தேடுவாள்? மருந்து அறையில் இரண்டு மருந்து கலந்துவிட்டால் ஒரே சட்டம், மொத்தத்தையும் தனியே எடுத்து வை, மேலே சொல்லு. அந்தச் சட்டத்தை அவள் எத்தனை சின்னப் பெண்களுக்கு அதட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! ஆனால் சொன்னால் ஏழு மணிக்காரர்களுக்கு ஐந்து வாரம் அப்பம் இல்லை. வக்கீலுக்குக் கையில் ஆயுதம் கிடைத்த மாதிரி. அண்ணன் அந்த வாடகைக் கூடத்துக்குப் போய்விடுவார். 'ஏழுதானே' என்று நினைத்தாள். 'எல்லாம் ஒண்ணுதானே' என்றும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பூட்டினாள்.

முதல் ஞாயிறு ஏழு மணிக்கு அவள் அங்கி அறைக் கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். அண்ணன் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தார். இதுவா? அதுவா? வக்கீல் கையில் வைத்தபோது, 'இவருக்குப் போயிருந்தா நல்லாத்தான் இருக்கும்' என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அடுத்த நொடியே நெஞ்சு சுட்டது. முட்டிவலியால் வர முடியாத அண்ணிக்கு அண்ணன் ஒன்றைச் சிமிழில் எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் ஞாயிறு அவள் பார்க்கவில்லை. மூன்றாம் ஞாயிறு அறையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, எண்ணியது. தொண்ணூறு போயாச்சு. பாக்கி அறுபத்தேழு. அந்த ஏழில் எத்தனை போயிருக்கும்?

இதற்குள் வக்கீல் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார். சனிக்கிழமை மாலை. போவதா, இருப்பதா? முப்பது பேரும் கை தூக்கி முடிவு செய்வது.

வியாழக்கிழமை பீடத்தம்மா குருவம்மாவின் அறைக்குப் போனாள். குருவம்மா பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காபி ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது.

"ஐயா செப்பு கெட்டுப்போச்சு அம்மா" என்றாள். உட்காரக்கூட இல்லை.

"கெட்டுப்போச்சா? பூச்சி வந்துடுச்சா?"

"இல்ல. உங்க அப்பம் ஏழு அதுல விழுந்துடுச்சு. மூணு வாரமாச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

குருவம்மா பேனாவை மூடி வைத்தார். 

"ஆஸ்பத்திரில நீங்க எதைக் கெட்டுப்போச்சுன்னு சொல்வீங்க?"

"அது... உள்ள வேற ஏதாவது விழுந்துட்டா. தூசி, பூச்சி..."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. பீடத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு வருஷமா என் கையால வாங்கறீங்க" என்றார் குருவம்மா. குரலை உயர்த்தவில்லை. "அந்த முப்பது பேர் என்னை வாசல்ல பாத்தா வணக்கம் சொல்லிட்டு ஒதுங்கிப் போவாங்க. அது எனக்கு வலிக்கும். ஆனா பழகிடுச்சு. அவங்க நேருக்கு நேர் சொல்லிட்டாங்க. நீங்க இப்ப அவங்களோடது கெட்டுப்போச்சுன்னு வந்து நிக்கறீங்க. அப்ப என்னோடது என்ன அம்மா?"

"நான் அப்படி நினைக்கல."

"நினைக்காம வந்துச்சு. அதான்."

 குருவம்மா ஆறிய காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சரி, என் கதையை விடுங்க. என்னைப் பொறுத்தவரை அங்க எதுவும் கலக்கல. ஆனா உங்க அண்ணன் மனசாட்சிக்கு இடைஞ்சல் வராதுன்னு பேராயர் முன்னால நான் வாக்குக் குடுத்திருக்கேன். வாக்கு வாக்குதான். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"எப்போ?"

"கூட்டம் முடிஞ்சதும்."

குருவம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள் பீடத்தம்மா.

சனிக்கிழமை காலை அண்ணன் வீட்டுக் கூடத்தில் மேசைமேல் காகிதம் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுதினாலும் வரப்புப் போட்ட மாதிரி நேராக எழுதுவார். அண்ணி நாற்காலியில் காலை நீட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. சரியான நேரத்துக்கு வந்தே. இதைக் கேளு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. நம் நம்பிக்கைக்கு இந்தக் கூரையின்கீழ் இடம் இருக்கிறது. அலமாரியின் சாவி என் தங்கையிடம் இருக்கிறது. அவள் கையில் இருக்கும்வரை ஒரு குறையும் வராது என்று நான் உங்களுக்கு உறுதி கூறுகிறேன்.' எப்படி?"

"வீட்டுலதான் தங்கச்சி புராணம்னா, கூட்டத்துலயுமா?" என்றாள் அண்ணி.

"அண்ணே, அந்த வரியை அடிச்சிடு."

"ஏன், ரொம்பப் புகழ்ந்துட்டேனா? வக்கீலுக்கு அந்த அளவு தேவை."

"அடிச்சிடு அண்ணே. அது பொய்."

சொன்னாள். தட்டைச் சாய்த்தது, ஏழு விழுந்தது, மழை வரும் என்று சொன்னது, எல்லாம். சொல்லும்போது கை தட்டைச் சாய்ப்பது போலவே சாய்ந்தது. அண்ணி தைலக் குப்பியை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்றார் அண்ணன்.

"ஏழு."

"என்னைக்கு?"

"நீ குடை தேடினியே, அன்னைக்கு."

"அப்ப மூணு ஞாயிறு." கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது பேருக்கு நான் என் கையால குடுத்திருக்கேன். இவளுக்கு இந்த நாற்காலியிலயே குடுத்திருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள் அண்ணி. "முட்டிதான் அப்படியே இருக்கு."

"நீ கொஞ்சம் சும்மா இரு." அவர் தங்கையைப் பார்த்துத் திரும்பினார். "பாப்பா, நான் பொம்பளைங்களை மட்டமா நினைக்கிறவன்னு நீயும் நினைக்கிறியா?"

"இல்லண்ணே."

"இயேசுவோட அப்போஸ்தலர் காலத்துல இருந்து ஒருத்தர் தலைமேல ஒருத்தர் கை வச்சு வந்தது இந்தக் குருப்பட்டம். எல்லைக் கல் மாதிரி. எனக்கு முன்னால ஒருத்தன் நட்டது. அது சரியான இடத்துல இருக்கான்னு எனக்கே ராத்திரியில சந்தேகம் வரும். ஆனா நகர்த்தற அதிகாரம் எனக்கு இல்ல. அந்தம்மா என்னைவிட நல்லவங்க, எனக்குத் தெரியும். சந்தேகத்தோட வாங்கினா அது எனக்குப் பாவம், அவ்வளவுதான். அவங்களுக்கு இல்ல, எனக்கு. சரி, நீ எதை நம்பறே? இத்தனை நாள் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன்."

"எல்லாம் ஒண்ணுன்னுதான் நம்பறேன்."

"ஒண்ணுன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. 'விழுந்துடுச்சு அண்ணே, விழுந்தா என்ன'ன்னு சண்டை போட்டிருக்கலாமே. உன் நம்பிக்கைக்கு நீ நின்ன மாதிரி இருந்திருக்கும்."

பீடத்தம்மா மேசைமேல் இருந்த காகிதத்தின் ஓரத்தை நேர்ப்படுத்தினாள்.

"சொல்லியிருந்தா அஞ்சு வாரம் பட்டினி கிடந்திருப்போம். என்ன இப்ப? உபவாசம் நமக்குப் புதுசா? கலந்தது கைத்தப்பு. அதை நான் அப்பவே மறந்திருப்பேன். ஆனா மூணு ஞாயிறு காலையில எனக்குக் கதவைத் திறந்துவிட்டியே. 'வாண்ணே'ன்னு சொன்னியே. அதை என்ன பண்றது பாப்பா?"

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற மாதிரி, "நீ போயிடுவேன்னு பயந்தேன்" என்றாள்.

"அதுக்காக?" என்றார் அண்ணன். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அதற்கு மேலே இருந்த வரியையும், அதற்கும் மேலே இருந்ததையும் அடித்தார். காகிதத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

கூட்டத்தில் நடந்ததை அண்ணி போனில் சொன்னாள். முட்டிவலியைப் பொருட்படுத்தாமல் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கப் போயிருந்தாள்.

"உங்கண்ணன் எழுந்து நின்னு, 'செப்பு கலந்துபோச்சு, மூணு வாரமா நாம அதைத்தான் வாங்கியிருக்கோம்'னார். ஒரே கூச்சல். ஒரு அம்மா அழுதுட்டாங்க. வக்கீல் எழுந்து, 'யார் கைத்தப்பு, பேரைச் சொல்லுங்க, பேராயருக்கு எழுதணும்'னார்."

"சொன்னாரா?"

"'செப்புக்குப் பொறுப்பு நான். மூடியைப் போட்டதும் நான்'னுட்டார். வக்கீல் விடுவாரா? சுத்திச் சுத்திக் கேட்டுப் பாத்தார். இவர் வாயில இருந்து பிடுங்க முடியல. அப்புறம் கை தூக்கினாங்க. போறதுன்னு முடிவாச்சு."

"அண்ணன்?"

"கடைசியாத் தூக்கினார். ஆனா தூக்கினார்."

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்குப் பீடத்தம்மா கதவைத் திறந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் திறந்தாள். எட்டரைக்குக் குருவம்மா ஐயா செப்பில் மிஞ்சிய அறுபத்தேழையும் பீடத்தில் வைத்துக்கொண்டார். எட்டரைக்காரர்களுக்கு எதுவானாலும் ஒன்றுதான். மிஞ்சியதை வீணாக்கவும் கூடாது. பீடத்தம்மா வரிசையில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். இது ஐயாவோடதா, அம்மாவோடதா? பார்த்ததை உணர்ந்தபோது முகம் எரிந்தது. சட்டென்று வாயில் போட்டுக்கொண்டாள்.

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்கு அங்கேதான். இந்த வாரமும் வரச் சொல்லி அண்ணி ஆள் அனுப்பியிருந்தாள். அண்ணன் ஜெபம் பண்ணினார், எப்போதும் போலச் சுருக்கமாக. பீடத்தம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தாள்.

"சாப்பிடு" என்றார் அண்ணன். "இதுல ஒண்ணும் கலக்கல. தைரியமாச் சாப்பிடு."

அண்ணி பழக்கதோஷத்தில் பாதி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அண்ணன் முகத்தைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவரே கரண்டியை எடுத்து அவள் தட்டில் இன்னொரு தடவை போட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுவதையும் சாப்பிட்டாள்.

"புது இடம் எப்படி இருக்கு அண்ணே?"

"மின்விசிறி சத்தம் போடுது. மண்டியிட இடமில்ல. பழகிடும்." கை கழுவிக்கொண்டு வந்து ஒரு உறையை மேசைமேல் வைத்தார். "சபைப் பதிவேட்டில இருந்து என் பேரை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். தபால்ல போடலாம்னு பாத்தேன். நீயே கொண்டுபோய்க் குடுத்துடு."

"நானா?"

"நீதான். வேற யார் கையில குடுப்பேன்?"

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் குருவம்மா உறையைப் பிரித்துப் படித்தார். இரண்டே வரி.

"என்ன காரணம் எழுதியிருக்கார்?" என்று பீடத்தம்மா கேட்டாள்.

"'என் மனசாட்சியை முன்னிட்டு.' அவ்வளவுதான். உங்க பேர் இல்ல."

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் பீடத்தம்மா.

"உக்காருங்க."

"அன்னைக்கு உங்ககிட்ட கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். வாய் தவறி வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்குக் காலையில வாங்கும்போதும் எது யாரோடதுன்னு பாத்தேன். வாய் தவறல அம்மா. எனக்குள்ள இருந்திருக்கு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உங்க கையில வச்சது நான்தானே. உங்களைப் பாத்துக்கிட்டுதானே வச்சேன்."

குருவம்மா பதிவேட்டை இழுத்து, பக்கங்களைப் புரட்டினார். அகலமான பழைய புத்தகம். தாள்கள் நடுவில் எழும்பி நின்றன. ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அண்ணன் பெயர், அதற்கு அடுத்த வரியில் பீடத்தம்மாவின் பெயர்.

"தாள் படிய மாட்டேங்குது. பேரை அடிக்கற கோடு கோணலாப் போய் உங்க பேர்மேல பட்டுடும்" என்றார் குருவம்மா. "ஸ்கேலைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கறீங்களா?"

பீடத்தம்மா எழுந்து மேசையைச் சுற்றிக் குருவம்மா பக்கம் வந்தாள். ஸ்கேலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"போடுங்க" என்றாள்.